பிடுங்கிய கை

பஞ்சர் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. டயரிலிருந்து பிடுங்கிய ஆணியைத் தூக்கி எறிய மாட்டார்கள். முதலில் வண்டிக்காரரின் உள்ளங்கையில் வைப்பார்கள். ஆணியோ கண்ணாடிச் சில்லோ, தன் வண்டியைப் படுக்கவைத்தது எது என்று கண்ணால் பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். காட்டாமல் விட்டால், நல்ல டியூபில் ஊசியால் குத்திவிட்டு ஒட்டுப் போட்டுவிட்டான் என்று போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போவார்.

பேருந்துப் பணிமனைக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருந்த காற்றுக்காரர் இந்த விஷயத்தில் கறார். ஆணியைத் துணியால் துடைத்து, "இந்தாங்க, உங்க வண்டியில சீட்டு வாங்காம ஏறுன ஆசாமி" என்று கையில் வைப்பார். அவர்கள் சிரித்த பிறகுதான் ஒட்டு வேலையைத் தொடங்குவார்.

அவர் எல்லாரிடமும் சொல்கிற இன்னொரு விஷயமும் உண்டு. "ஆணி குத்திடுச்சுன்னா வழியில பிடுங்காதீங்க. அது உள்ள இருக்கற வரைக்கும் அதுவேதான் அடைப்பு. பிடுங்குனா மொத்தக் காத்தும் போயிடும். அப்படியே மெதுவா கடைக்கு உருட்டிட்டு வந்துடுங்க. பிடுங்கற வேலை என்னோடது." இருபத்திரண்டு வருஷமாக இதைச் சொல்லிவந்தார். சந்தில் டீக்கடை வைத்திருந்தவர்கூட அவர் குரலிலேயே இதைச் சொல்லிக் காட்டுவார்.

கடையில் பிடுங்குவதும் ஒட்டுவதும் அவர் வேலை. ஓட்டையைக் கண்டுபிடிப்பது அவர் மனைவியின் வேலை.

பெரிய ஓட்டையை யாரும் கண்டுபிடிக்கலாம். டியூபில் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினால் குமிழி குமிழியாகக் கிளம்பும். மயிரிழை ஓட்டைதான் தொல்லை. தண்ணீரில் அதன் குமிழி டியூபோடு ஒட்டிக்கொண்டு மேலே வரவே வராது. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். டியூபை முகத்தருகே தூக்கி, வலது கண்ணுக்கு நேரே ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்து, மெல்லச் சுற்றிக்கொண்டே வருவாள். உடம்பில் கண்ணைப் போல நுட்பமாகக் காற்றை உணரும் இடம் வேறில்லை. விரலுக்குத் தெரியாத காற்று உதட்டுக்குத் தெரியும், உதட்டுக்கும் தெரியாதது கண்ணுக்குத் தெரியும். இமை சட்டென்று துடிக்கும். "இங்க" என்பாள். சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் போடுவாள். அவள் போட்ட வட்டம் தப்பியதாகச் சரித்திரம் இல்லை.

அந்த வருஷம் அவர் ஒரு சின்ன மோட்டார் வாங்கிப்போட்டிருந்தார். அதன் முனையில் கம்பி மயிர் வைத்த வட்ட பிரஷ். ஒட்டுப் போடும் இடத்தைச் சொரசொரப்பாக்காமல் எந்தப் பசையும் பிடிக்காது. வழவழப்பான ரப்பரில் சொல்யூஷன் பசையைத் தடவினால், எண்ணெய் பூசிய தட்டில் மாவு ஒட்டாதது மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடும். கையால் அரம் போட்டு உரசி வந்தவருக்குத் தோள் வலி. மோட்டார் வந்த பிறகு ஐந்து எண்ணுவதற்குள் வேலை முடிந்தது.

"ஏங்க, அந்த பிரஷ்ஷு மயிரு கொட்டுது. காலையில கூட்டும்போது ரெண்டு கம்பி கிடந்துச்சு" என்று அவள் ஒரு வாரம் முன்பே சொன்னாள்.

"உனக்கும் எனக்கும் கொட்டலையா? இன்னும் ஒரு வாரம் ஓடட்டும்" என்றார்.

அந்த ஒரு வாரம் முடிந்த அன்று காலை பத்து மணி இருக்கும். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு ஸ்கூட்டர் டியூபைக் கண்ணருகே சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டடி தள்ளி மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் கத்தவில்லை. டியூபை மடியில் வைத்துவிட்டு, "ஏங்க, மோட்டாரை நிறுத்துங்க. கண்ணுல என்னமோ குத்திடுச்சு, பாருங்க" என்றாள். ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற அதே குரல்.

அவர் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வலது கண்ணில், கருவிழியின் ஓரமாக, ஒரு கம்பி மயிர் நேராகக் குத்திக்கொண்டு நின்றது. வெளியே அரை விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு விடும்போது அதன் நுனி ஆடியது.

"அசையாதே" என்றார். கை தானாகவே பின்னால் போய் மூக்குக் குறடை எடுத்துவிட்டது. ஆயிரமாயிரம் ஆணிகளைப் பிடுங்கிய கை. கிரீஸும் சொல்யூஷனும் தெருச் சேறும் காய்ந்து கிடந்த குறடு. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்று அவள் கேட்டது காதில் விழுந்தது. "இதுக்கா? ஒரு நொடி" என்றார். ஒரு நொடிதான் ஆனது. நேராக, ஆட்டாமல், அழகாக இழுத்தார். இத்தனை சுத்தமாக எந்த ஆணியையும் பிடுங்கியதில்லை என்று மனசுக்குள் ஒரு பெருமைகூட எழுந்தது.

கம்பி வந்த இடத்திலிருந்து வெதுவெதுப்பாக ஒரு சொட்டு வழிந்து அவள் கன்னத்தில் இறங்கியது. அதன் பின்னால் இன்னொரு சொட்டு.

"கண்ணீரா?" என்றாள்.

கண்ணீர் இமையோரத்திலிருந்து வரும். இது கருவிழியிலிருந்து வந்தது. எத்தனை பேருக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம், அது உள்ளே இருக்கிறவரை அதுவே அடைப்பு என்று. குறடும் கையுமாக அப்படியே நின்றார். கம்பியைக் கீழே போடவும் தோன்றவில்லை. வெற்று பீடிக் கட்டின் தாளில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

கண் ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாக இருந்தது. ஆனாலும் பெரிய நர்ஸ் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே உள்ளே அழைத்துப் போனாள். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பேச்சில் வேகம். சுற்றிலும் பயிற்சிக்கு வந்த ஆறேழு பேர் குறிப்பேட்டோடு நின்றார்கள்.

"என்ன ஆச்சு?"

"கம்பி பிரஷ்ஷோட மயிர் குத்திடுச்சு டாக்டர்" என்றார் காற்றுக்காரர்.

"கம்பி எங்க?"

"வந்துடுச்சு."

"தானா வராதே. யார் பிடுங்கினது?"

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பெரிய நர்ஸ், குறிப்பேட்டுக்காரர்கள், மூலையில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர்கூட. அவர் சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார். மேல்வரிசை எழுத்து பெரிசு, கீழே போகப்போகச் சிறிசு.

"அவளே... பதட்டத்துல இழுத்துட்டா" என்றார்.

சொன்ன பிறகுதான், சொன்னது தன் வாய் என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் கண்ணை மூடியபடி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு, "ஆமா டாக்டர். நான்தான்" என்றாள்.

டாக்டரம்மா பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, உங்களுக்கெல்லாம் கண்ணுன்னா என்னன்னு நினைப்பு? முள்ளு குத்துன காலா அது? குத்துனது உள்ள நிக்கிறவரைக்கும் அதுவே ஓட்டையை அடைச்சுக்கிட்டு இருக்கும். அப்படியே தொடாம வந்திருந்தா நான் பதமா எடுத்து, எடுத்த கையோட மூடியிருப்பேன். இப்ப உள்ள இருக்கற தண்ணியெல்லாம் வழிஞ்சு கண்ணே தொளதொளன்னு கிடக்கு. எதுல பிடுங்கினீங்க?"

"விரலாலதான்" என்றாள் அவள்.

"விரலால!" டாக்டரம்மா குறிப்பேட்டுக்காரர்கள் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கங்க. இப்படித்தான் வருவாங்க. நாமதான் எல்லார்கிட்டயும் சொல்லணும்."

ஆறேழு பேனாக்கள் எழுதின. தன் வாயிலிருந்து இருபத்திரண்டு வருஷமாக வந்த வார்த்தைகள், தன் மனைவியின் தலையில் வசவாக விழுவதைக் கேட்டுக்கொண்டு காற்றுக்காரர் கைகட்டி நின்றார். சட்டைப் பையிலிருந்த கம்பி ஒரு செங்கல் கனம் கனத்தது.

டாக்டரம்மா சாயம் தோய்த்த ஒரு சின்னக் காகிதத் துண்டால் கண்ணைத் தொட்டாள். ஆரஞ்சு நிறத்தில் பரவிய சாயம் நீல விளக்கில் பச்சையாக மின்னியது. எதிரே திரையில் கண் ஒரு தட்டளவு பெரிசாகத் தெரிந்தது. பச்சைப் பரப்பின் நடுவே ஓர் இடத்திலிருந்து கருப்பாக ஓர் ஓடை கிளம்பிக் கீழே வழிந்தது. உள்ளேயிருந்து ஒழுகும் தண்ணீர் சாயத்தைக் கழுவிக்கொண்டு வரும் தடம் அது.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்ப்பது! வெட்கத்தையும் மீறி வாய் திறந்துவிட்டது. "ஓட்டையைப் பாக்கறீங்களா டாக்டர்?"

"ஆமா. என்ன தொழில் உங்களுக்கு?"

"பஞ்சர் கடை."

டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். ஓட்டை சின்னது. தைக்கலாம், ஆனா தையலும் ஊசி போற ஓட்டைதானே, தழும்பும் விழும். அதனால ஒட்டப் போறேன்."

"பசை போட்டா?"

"பசைதான். ஈரத்துல பிடிக்கிற பசை."

அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். கதவில் பதித்த கண்ணாடி வழியாக அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் மரக்க மருந்து விட்டார்கள். டாக்டரம்மா மழுங்கிய ஒரு சின்னக் கத்தியால் ஓட்டையைச் சுற்றி மேல்தோலைச் சுரண்டினாள். வழவழப்பான தோலின் மேல் பசை நிற்காது, அடித்தோலில்தான் பிடிக்கும். அரம் போடுகிறாள் என்று அவர் நினைத்தார். பிறகு பஞ்சு முனையால் ஒற்றி ஒற்றி உலர்த்தினாள். ஒழுகுகிற இடத்தை எப்படி உலர்த்துவது? அதற்கும் ஒரு வழி இருந்தது. ஊசியால் கண்ணுக்குள் ஒரு சின்னக் காற்றுக் குமிழியைச் செலுத்தினாள். குமிழி உள்ளிருந்து ஓட்டையை அமுக்கிக்கொண்டது. ஒழுகுவது நின்றது. காற்றால் அடைக்கிறாள், காற்றால்!

அந்த உலர்ந்த நொடிக்குள் ஊசிமுனையில் ஒரு பொட்டுப் பசை. எறும்புத் தலையளவு. அதற்கு மேல் வைத்தால் தடித்துப்போய்ப் பெயர்ந்துவிடும். புதிதாக வேலை கற்கிறவன் சொல்யூஷனை அப்புவது போல. பொட்டு கண்ணின் ஈரத்தைத் தொட்டதும் வெளுத்து இறுகியது. மறுபடி சாயம், மறுபடி நீல விளக்கு. கருப்பு ஓடை இல்லை.

வெளியே வந்த டாக்டரம்மா அவரிடம் நின்று பேசினாள். "உங்க சொல்யூஷன் காய்ஞ்சாத்தான் பிடிக்கும். இது ஈரம் பட்டா பிடிக்கும். ஆனா பிடிச்சப்புறம் கல்லு மாதிரி சொரசொரப்பு. இமை மூடும்போதெல்லாம் அறுக்கும். அதனால மேல ஒரு மெத்துனு லென்ஸ் வச்சிருக்கேன்."

"எத்தனை நாளைக்கு டாக்டர் நிக்கும்?"

"அது நிக்கறதுக்கு இல்ல, விழறதுக்கு. அடியில தசை வளர்ந்து மூடுனதும் தானா கழண்டு வரும். இதைவிட நல்லதெல்லாம் வந்துக்கிட்டிருக்கு. ஜெல்லி மாதிரி, ஓட்டையில வச்சு வெளிச்சம் காட்டுனா கெட்டியாகும். கண்ணு மாதிரியே வளையும், கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கும், தசை அதுக்குள்ளயே வளரும். ஆராய்ச்சிக்காரங்க பாத்துக்கிட்டிருக்காங்க. எங்க கைக்கு இன்னும் வரல."

வளைகிற ஒட்டு. டியூப் எப்படி நீளுமோ அப்படியே ஒட்டும் நீள வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பெயரும். அதைத்தான் அவர்களும் தேடுகிறார்களா? ஒரு கணம் மனசு அதில் லயித்துவிட்டது. உடனே சுருக்கென்றது. உள்ளே மனைவி கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்க, இங்கே ஒட்டுப் போடும் நேர்த்தியை ரசித்துக்கொண்டு நிற்கிறோம்.

*

மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு கடைக்குப் பின்னாலேயே. கண்ணின் மேல் துளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் மூடி. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. காற்றுக்காரர் முட்டை வேகவைத்தார். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தார். சாதம் குழைந்து கூழானது. அவள் குறை சொல்லாமல் சாப்பிட்டாள். குறை சொல்லியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவள் அண்ணன் வந்தார். லாரி ஓட்டுகிறவர், குரலும் லாரி மாதிரி. வாசலில் செருப்பை உதறும்போதே தொடங்கிவிட்டார்.

"ஏம்மா, உனக்குப் புத்திகித்தி இருக்கா? சின்ன வயசுல கால்ல முள்ளு ஏறுனா ஊரையே கூட்டுவே. கண்ணுல குத்துன கம்பியை நீயே பிடுங்குனியாமே! ஆஸ்பத்திரிச் சேதி அதுக்குள்ள வந்துடுச்சு, டீக்கடையில அதான் பேச்சு. கம்பியம்மான்னு உனக்குப் பேரே வச்சுட்டானுங்க."

"வைக்கட்டும்ண்ணே" என்றாள்.

"மாப்ள, நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க? பக்கத்துலதானே இருந்தீங்க? கையைப் பிடிக்கறதில்லையா?"

"மோட்டார் ஓடிக்கிட்டிருந்துச்சு மச்சான்" என்றார் காற்றுக்காரர். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுந்து அடுப்புப் பக்கம் போனார்.

"பாவம், மாப்ளையும் என்ன பண்ணுவாரு. வர்றவன் போறவனுக்கெல்லாம் பிடுங்காதே பிடுங்காதேன்னு பாடம் எடுக்கறவரு. கட்டுன பொண்டாட்டி காதுல மட்டும் ஏறல பாரு!" என்று மச்சான் தொடையைத் தட்டிச் சிரித்தார். "ஏய் கம்பியம்மா!"

அவளும் கொஞ்சம் சிரித்தாள். சிரித்தால் கண் வலிக்கும் என்று உடனே நிறுத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்பை அவரால் பார்க்க முடியவில்லை.

மச்சான் போனபின் சொட்டு மருந்து விட உட்கார்ந்தார். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது.

"எதுக்கு நீ ஆமான்னு சொன்னே?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னீங்க. நான் ஆமான்னேன்."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தனை பேருக்கு நடுவுல உங்களைப் பொய்யன்னு சொல்லச் சொல்றீங்களா? அது எனக்கு மட்டும் கௌரவமா?" நல்ல கண் அவரை நேராகப் பார்த்தது. "டாக்டரம்மா வெளியில வந்ததும் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க பசையைப் பத்திக் கேட்டுக்கிட்டிருந்தீங்க. கதவுக்கு உள்பக்கம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

அவர் சொட்டு மருந்துக் குப்பியின் மூடியைத் திருகினார். மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"அந்தக் கம்பி எங்கங்க?" என்றாள் திடீரென்று.

"எந்தக் கம்பி?"

"என் கண்ணுல இருந்தது."

"கீழ விழுந்திருக்கும். கூட்டிட்டேன் போலிருக்கு."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஊரில் யார் வந்தாலும் ஆணியைக் காட்டுகிற மனுஷன், என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

*

மூன்றாம் நாள் காலையில் அவள் முனகலில்தான் அவர் விழித்தார். மூடியை எடுத்தபோது கண் ரத்தமாகச் சிவந்து, இமை வீங்கி, ஓரத்தில் சீழ் போல ஏதோ கட்டியிருந்தது. மச்சான் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் பள்ளம் பார்த்து ஓட்டினார். ஒரு வார்த்தை கேலி இல்லை.

டாக்டரம்மா பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். ஒட்டு அப்படியேதான் இருந்தது. அதன் ஓரத்தில், கருவிழிக்குள் வெள்ளையாக ஒரு மேகம்.

"கிருமி ஏறியிருக்கு" என்றாள். "இன்னிக்கு நாளைக்குள்ள அடக்கலேன்னா கண்ணு நமக்கு இல்ல. அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. விரலால பிடுங்குனீங்க. கையில என்ன இருந்துச்சு? மண்ணு? சாணி? எண்ணெய்? எந்தக் கிருமின்னு சோதனை முடிவு வர நேரமாகும். அதுவரைக்கும் எதை அடிக்கறதுன்னு நான் ஊகிச்சுத்தான் மருந்து போடணும். தப்பா ஊகிச்சா ஒரு நாள் வீணாப் போகும். அந்த ஒரு நாள் நம்மகிட்ட இல்ல."

அவள் வாய் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. காத்திருந்தாள்.

அதே அறை. அதே பெரிய நர்ஸ். அதே குறிப்பேட்டுக்காரர்கள். கூடுதலாக, வாசலில் மச்சான். காற்றுக்காரர் எழுத்துப் பலகையைப் பார்த்தார். ஒரு வரியும் புரியவில்லை. சட்டைப் பைக்குள் கைவிட்டார். மூன்று நாளாக அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார், துவைக்கப் போட மனசில்லாமல்.

"அவ பிடுங்கல டாக்டர்."

"என்ன?"

"நான்தான் பிடுங்கினேன். ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னு கேட்டா. நான்தான் கேக்கல. குறடால பிடுங்கினேன். டயர்ல ஆணி பிடுங்கற குறடு. துடைக்கக்கூட இல்ல." பீடித் தாளைப் பிரித்து, கம்பியை எடுத்து, டாக்டரம்மாவின் கையுறை போட்ட உள்ளங்கையில் வைத்தார். பழக்கப்பட்ட கை, அதை மட்டும் பிசகாமல் செய்தது. "இதுதான்."

வாசலில் மச்சான் "மாப்ள..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் என்று தோளைக் குறுக்கி நின்றார். அவள் கம்பியை விளக்கில் பிடித்து, நுனி முறியவில்லையே என்று பார்த்தாள்.

"குறடு எங்க கிடக்கும்? தரையிலயா?"

"தண்ணித் தொட்டி ஓரத்துல."

"அந்தத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்துவீங்க?"

"...மாசத்துக்கு ஒருக்கா."

"தெரு மண்ணு, தேங்குன தண்ணி." நர்ஸ் பக்கம் திரும்பி, வேகமாக மருந்துப் பெயர்களைச் சொன்னாள். கண்ணுக்குள் ஓர் ஊசி, புது சொட்டு, அரை மணிக்கொரு தரம். "இந்தக் கம்பியையும் சோதனைக்கு அனுப்புங்க. மண்ணுக் கிருமி மோசமான ஜாதி, அதை முதல்ல அடிக்கறேன்." பிறகு அவரிடம், "மூணு நாள் இதைப் பையில வச்சுக்கிட்டு இருந்தீங்களா?" என்றாள். அது திட்டு இல்லை. வெறும் கேள்வி. அவர் தலையை ஆட்டினார்.

நாற்காலியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "டாக்டர், அன்னிக்கு என்னைத் திட்டுனீங்களே. அதை இவர் பேருக்கு மாத்திடுங்க."

"திட்டறதுக்கெல்லாம் நேரமில்லம்மா. படுங்க."

குறிப்பேட்டுக்காரர்களில் ஒருவர் பழைய பக்கத்தைத் திருப்பி எதையோ அடித்து எழுதுவதைக் காற்றுக்காரர் பார்த்தார். பேனா கீறும் சத்தம் காதில் விழுந்தது.

தாழ்வாரத்தில் மச்சான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவளைக் கம்பியம்மான்னு நானும் சேர்ந்துதான் மாப்ள சந்து முழுக்கச் சொன்னேன்" என்றார். "நீங்க அடுப்புகிட்ட நின்னீங்க. சட்டியே இல்லாத அடுப்புகிட்ட." எழுந்து லாரிக்குப் போய்விட்டார்.

*

கண்ணில் மேகம் பரவுவது ஏழு நாளில் நின்றது. கரைவதற்கு ஒரு மாதம் ஆனது. ஒன்பதாவது வாரம் லென்ஸை மாற்றும்போது, அதன் உட்புறத்தில் ரவை அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பசைப் பொட்டு. வேலை முடிந்து தானாகக் கழன்றிருந்தது. சாயமிட்டுப் பார்த்தார்கள். ஒழுகவில்லை. டாக்டரம்மா அந்தப் பொட்டை அவர் கையில் வைத்து, "உங்க கடை வழக்கமாமே, அம்மா சொன்னாங்க" என்றாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூடிய ஓட்டையின் மேல் ஒரு வெள்ளைத் தழும்பு நிரந்தரமாக நின்றுவிட்டது. அந்தக் கண்ணுக்கு ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது. பனி படர்ந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பது மாதிரி என்றாள் மனைவி.

மோட்டார் போய்விட்டது. அவர் மறுபடியும் அரத்துக்கே வந்தார். தோள் வலித்தது. தொட்டித் தண்ணீரைத் தினமும் மாற்றினார். ஒவ்வொரு நாளும் மாற்றும்போது அடியில் படிந்த கருப்பு வண்டலைப் பார்க்காமல் கொட்ட அவரால் முடியவில்லை.

ஒருநாள் பிற்பகல், மழை வருகிற மாதிரி வானம் மூடிக்கிடந்தபோது, தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரொம்ப நாள் கழித்து அந்தப் பக்கம் வருகிறவர். காற்றுக்காரர் ஆணியைப் பிடுங்கித் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். சீட்டு வாங்காத ஆசாமி பற்றிய அந்தப் பேச்சு இப்போதெல்லாம் வாயில் வருவதில்லை.

தபால்காரர் ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தார். "அம்மாதானே அது? கண்ணுல குத்துன கம்பியை நீங்களே பிடுங்குனீங்களாமே! எங்க ஆபீஸ்ல எல்லாம் ஒரே பேச்சு. என்ன தைரியம்மா உங்களுக்கு!"

அவள் டியூபைக் கையில் எடுத்தாள். இப்படி யார் கேட்டாலும் அவள் பதில் சொல்வதில்லை. இல்லை என்றும் சொல்வதில்லை, ஆமாம் என்றும் சொல்வதில்லை. அந்த இடத்தைக் காலியாக வைத்துவிட்டு, காத்திருப்பாள். டீக்கடைக்காரரிடம் ஒரு தடவை, பணிமனை டிரைவர்களிடம் நாலு தடவை, பக்கத்து வீட்டில் ஒரு தடவை என்று அவர்தான் உண்மையைச் சொல்லியிருந்தார். கணக்கு வைத்துக்கொள்ளாமலே அவருக்கு எண்ணிக்கை தெரிந்திருந்தது. பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் காது சூடாகிறது, முதல் தடவை மாதிரியேதான்.

"அவ இல்லைங்க" என்றார் காற்றுக்காரர். "நான்தான் பிடுங்கினேன். வேண்டாம்னு தெரிஞ்சே பிடுங்கினேன். ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு அவ மேல பழியைப் போட்டுட்டேன்."

தபால்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கையிலிருந்த ஆணியைப் பார்த்தார். "சரிசரி... விடுங்க" என்றார். சந்தில் முதல் தூறல் விழுந்தது.

அவள் டியூபை முகத்தருகே தூக்கினாள். இடது கண்ணுக்குக் கொண்டுபோவாள் என்றுதான் அவர் நினைத்தார், இத்தனை நாளாக அப்படித்தான். ஆனால் இன்று டியூப் வலப்பக்கம் போனது. தழும்பு விழுந்த கண்ணுக்கு நேரே ஓர் அங்குலத்தில் பிடித்து, மெல்லச் சுற்றினாள். அந்தக் கண்ணுக்கு எதிரே நிற்கிற புருஷன் ஒரு நிழல், அவ்வளவுதான். அவர் அரத்தைக் கையில் பிடித்தபடி மூச்சு விடாமல் நின்றார்.

இமை துடித்தது.

"இங்க" என்றாள். சுண்ணக்கட்டிக்காகக் கையை நீட்டினாள்.